நிழலில் காய்ந்த ஏழு மூட்டை நல்வேளை

வேலைக்குச் சேர்ந்த பிறகு நான் ‘ரிஜெக்ட்’ என்று எழுதிய முதல் பெரிய சரக்கு, அடி அண்ணாமலையிலிருந்து வந்த ஏழு மூட்டை நல்வேளை மூலிகை. அந்த ரிஜெக்ட் தவறு. எப்படித் தவறியது என்பதை எங்கள் பரிசோதனை அறைக்குப் புதிதாக வரும் ஒவ்வொரு பெண்ணுக்கும் இத்தனை ஆண்டுகளாக வாயால் சொல்லிவந்தேன். இந்த முறை மூன்று பேர் ஒன்றாகச் சேர்ந்திருக்கிறார்கள். மூன்று முறை சொல்வதற்குப் பதில் ஒரு முறை எழுதிவிடுகிறேன்.

நான் சேர்ந்தது 1996-ல். தாவரவியலில் பி.எஸ்சி. முடித்திருந்தேன், வயது இருபத்திரண்டு. திருவண்ணாமலையை ஒட்டிய வேங்கிக்காலில் இருந்த நிறுவனம் சிறியது. சுற்றுக் கிராமங்களிலிருந்து காய்ந்த மூலிகையை வாங்கி, தரம் பார்த்து, அரைத்து, தைலம் காய்ச்சுபவர்களுக்கு அனுப்பும். தரம் பார்ப்பது என் வேலை. முதல் ஆறு மாதம் தற்காலிகம், அதன் பிறகு நிரந்தரம் என்று சொல்லிச் சேர்த்திருந்தார்கள்.

1. உறவுக்காரச் செடிகள்

வேளை என்ற பெயரில் எங்கள் பக்கம் நாலைந்து செடிகள் உண்டு. எல்லாம் கடுகுக்கு நெருங்கிய சொந்தம். நான்கு இதழ், கடுகுக்காய் போல நீண்டு மெலிந்த காய், உள்ளே பொடிப்பொடியாக விதை. மழை விழுந்தால் வேலி ஓரத்திலும் மல்லாட்டை என்று நாங்கள் சொல்லும் நிலக்கடலைக் கொல்லையிலும் கலந்தே முளைக்கும். ஏரி வயலில் இளஞ்சிவப்புப் பூ பூப்பது ஒன்று. இலை பிரியாமல் ஒற்றையாக இருப்பது இன்னொன்று. இந்த இரண்டும் எங்கள் வாசலுக்கு அதிகம் வருவதில்லை. எங்களுக்குத் தலைவலி கொடுப்பவை நல்வேளையும் நாய்வேளையும்தான். நாங்கள் வாங்குவது நல்வேளை மட்டும்.

செடி உயிரோடு நிற்கும்போது யாரும் குழம்பமாட்டார்கள். நல்வேளைக்கு வெள்ளைப் பூ. நாய்வேளைக்கு மஞ்சள் பூ, தொட்டால் பிசுபிசுக்கும், வாடையும் கடுமை. ஆனால் எங்களிடம் செடி அப்படி வருவதில்லை. வேரோடு பிடுங்கிக் காயவைத்த முழுச்செடியாக வரும். தொழிலில் அதைச் சமூலம் என்போம். கோணியில் அமுக்கிக் கட்டியதில் இலை நொறுங்கியிருக்கும், தண்டு ஒடிந்திருக்கும், பூ சுருங்கி நகக்கண் அளவுக்கு ஆகியிருக்கும். பிசுபிசுப்பு இருக்காது. வாடை எல்லா மூட்டைக்கும் ஒரே வாடைதான்.

2. நான் எழுதிய பட்டியல்

சரக்கு வரத்து செவ்வாய்க்கிழமை. காலை எட்டிலிருந்து பதினொன்றுக்குள் எல்லா மூட்டையையும் பார்த்து முடிக்க வேண்டும். பதினொன்றுக்கு மேல் ஆட்கள் பஸ்ஸைப் பிடிக்கப் போய்விடுவார்கள். அதனால் சேர்ந்த இரண்டாவது வாரம் ஒரு பட்டியல் தயாரித்து, அட்டையில் ஒட்டி, மேசைக்கு எதிரே மாட்டினேன். வேளைக்கு நான் எழுதியிருந்தது இது:

அ. பூவின் நிறம்: வெள்ளை என்றால் நல்வேளை, மஞ்சள் என்றால் நாய்வேளை.
ஆ. சந்தேகம் வந்தால் மகரந்தத்தாள் எண்ணிக்கை.
இ. சந்தேகம் வந்தால் காய்க்காம்பு.

நிறத்தை முதலில் வைத்ததற்குக் காரணம், அதை வெறும் கண்ணால் பார்த்துவிடலாம். அந்தப் பட்டியலைப் பார்த்து முதலாளி என்னைப் பாராட்டினார். “இப்பத்தான் இது கம்பெனி மாதிரி இருக்குது” என்றார்.

கொண்டுவருபவர்களுக்கும் ஒரு துண்டுக் காகிதம் அச்சடித்துக் கொடுத்தோம். எழுதியது நான்தான். மண் உதறவும், பூக்கும் பருவத்தில் பிடுங்கவும், நிழலில் காயவைக்கவும் என்று மூன்று வரி.

வாசலில் ஒரு கரும்பலகை உண்டு. ரிஜெக்ட் ஆன சரக்கு, கொண்டுவந்தவர் பெயர், காரணம் மூன்றையும் அதில் எழுதுவோம். எழுதப்பட்ட பெயரிலிருந்து மூன்று மாதம் எதுவும் வாங்கமாட்டோம். திருவண்ணாமலையில் மற்ற வியாபாரிகளின் ஆட்களும் அந்தப் பலகையைப் பார்த்துவிட்டுத்தான் போவார்கள். அதில் ‘கலப்படம்’ என்று ஒரு பெயர் ஏறினால், ஊரில் வேறு எந்த வாசலிலும் அந்த மூட்டையை இறக்கவிடமாட்டார்கள். வேலையில் சேர்ந்த புதிதில் எனக்கு இது முழுதாக விளங்கவில்லை. பலகை எனக்கு இன்னொரு பதிவேடு, அவ்வளவுதான்.

புரட்டாசியில் கீழ்பென்னாத்தூர் ஏழுமலை வேனில் ஒன்பது மூட்டை கொண்டுவந்தார். பல ஊர் ஆட்களிடம் வாங்கி மொத்தமாகக் கொடுப்பவர். சிமெண்ட் களத்தில் நல்ல வெயிலில் காய்ந்த சரக்கு, மொறுமொறுவென்று இருந்தது. பூ வெளேரென்று இருந்தது. இரண்டு நிமிடத்தில் பாஸ் போட்டேன்.

3. கையெழுத்துப் போடாத செவ்வாய்

ஐப்பசிப் பௌர்ணமி முடிந்த மறு செவ்வாய், செல்வி டயர் வண்டியில் ஏழு மூட்டையோடு வந்தார். அடி அண்ணாமலையில் எட்டுப் பெண்கள் சேர்ந்து மூலிகை எடுக்கிறார்கள், அவர்களுக்காகக் கொண்டுவந்து கொடுப்பவர் அவர். என்னைவிட ஏழெட்டு வயது மூத்தவர் இருப்பார்.

மூன்று மூட்டையில் கைவிட்டு நடுவிலிருந்து எடுத்தேன். பூ எல்லாம் அழுக்கு மஞ்சள். படிவத்தை எடுத்து எழுத ஆரம்பித்தேன்.

“இன்னா மேடம் எழுதறீங்க?”

“பூ மஞ்சளா இருக்குங்க. இது நாய்வேளை.”

“நாய்வேளையா? எட்டு பேரு குனிஞ்சி குனிஞ்சி புடுங்குனது மேடம். நாய்வேளைன்னா கையில ஒட்டும், நாத்தம் அடிக்கும். அதுகூடத் தெரியாமயா எடுத்தாருவோம்?”

“காய்ஞ்ச சரக்குல அதெல்லாம் தெரியாதுங்கக்கா. நிறத்தைத்தான் பார்க்கணும். பாருங்க, மஞ்சள்.”

செல்வி பூவைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தார். “கலர் போச்சின்னா ஆளே மாறிடுமா? உங்க பொடவகூடத்தான் வெளுத்துப் போயிருக்குது. அதுக்காக வேற பொண்ணு வந்துட்டுதுன்னு உங்கள வெளிய நிக்க வெச்சிட்டாங்களா?”

வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள். அது என் அக்காவின் பழைய புடவை. நான் எழுதுவதை நிறுத்தவில்லை.

அன்று வேறு சரக்கோடு வந்திருந்த ஏழுமலை பின்னாலிருந்து குரல் கொடுத்தார். “டீச்சரம்மாவுக்கே பாடம் எடுக்கிறியா? உட்டா லென்ஸையும் புடுங்கிக்குவ போல.”

“உனக்கு எடுத்தா மட்டும் ஏறவா போவுது? சும்மா கெட” என்றார் செல்வி. பிறகு என்னிடம் திரும்பினார். “நெழல்ல காய வைக்கச் சொல்லிக் காயிதம் குடுத்தது நீங்கதான? எப்பவும் ரோட்டுலதான் காய வெப்போம். பௌர்ணமிக்கு மல சுத்த வந்த ஜனத்துல ரோட்டுல கால் வெக்க எடமில்ல. சரி, மேடமும் நெழலுன்னுதான சொல்லிக்கிறாங்கன்னு கொட்டாயில பரப்பினோம். மழ வேற. நாலு நாள்ல காயறது பத்து நாளாச்சி. அதுக்கு இதுதான் மரியாதியா?”

இதை நான் கேட்டேன். ஆனால் எனக்குத் தேவையான தகவலாக அது காதில் விழவில்லை.

“கையெழுத்துப் போடுங்கக்கா.”

“போட மாட்டேன். போட்டா நான் ஒத்துக்கினதா ஆயிடும்.”

வண்டியைத் திருப்பிக்கொண்டு போய்விட்டார். மூட்டைகளிலிருந்து எடுத்ததில் ஒரு கைப்பிடியை வழக்கப்படி சாம்பிளாக உறையில் போட்டு முத்திரை வைத்தேன். பலகையில் எழுதினேன்: நல்வேளை, செல்வி, அடி அண்ணாமலை, நாய்வேளை கலப்படம்.

4. வெந்நீர்

ரிஜெக்ட் படிவத்தில் கொண்டுவந்தவரின் கையெழுத்து இல்லையென்றால் இரண்டாவது பரிசோதனைக் குறிப்பை இணைக்க வேண்டும் என்பது எங்கள் விதி. மதியம் சாம்பிள் உறையைப் பிரித்தது அதற்காகத்தான். எனக்குச் சந்தேகம் வந்து பிரித்ததாக யாரும் நினைக்க வேண்டாம். படிவத்தை முடிக்கவே பிரித்தேன்.

காய்ந்த பூவை அப்படியே பிரித்தால் உதிர்ந்துவிடும். கல்லூரியில் சொல்லிக்கொடுத்தபடி சோதனைக்குழாயில் தண்ணீர் விட்டு, பூவைப் போட்டு, ஸ்பிரிட் விளக்கில் சூடாக்கினேன். சில நிமிடத்தில் பூ ஊறி விரியும். கண்ணாடித் தட்டில் வைத்து, ஊசியால் விலக்கி, லென்ஸில் எண்ணினேன்.

ஆறு.

நாய்வேளைப் பூவில் மகரந்தத்தாள் பத்துக்குக் குறையாது. இருபதுக்கு மேலும் இருக்கும். ஆறு இருப்பது நல்வேளை. அதிலும் நல்வேளையில் அந்த ஆறும் பூவின் அடியிலிருந்து கிளம்பாது. பூவுக்குள் இன்னொரு காம்பு நீண்டு நிற்கும், அதன் நடுவிலிருந்து ஆறும் பிரியும். லென்ஸில் அந்தக் காம்பும் தெரிந்தது.

உறையின் வேறு வேறு பகுதியிலிருந்து இன்னும் ஒன்பது பூ எடுத்தேன். ஒன்பதிலும் ஆறு. அடிப்பகுதியில் இருந்த பிஞ்சுக் காய்களைப் பார்த்தேன். நல்வேளையில் இதழும் மகரந்தத்தாளும் உதிர்ந்த பிறகு காய்க்கு அடியில் காம்பில் இரண்டு தழும்பு இருக்கும். இதழ் இருந்த இடத்தில் ஒன்று, தாள் இருந்த இடத்தில் ஒன்று. நாய்வேளைக் காய் காம்பின் மேல் நேராக உட்கார்ந்திருக்கும், தழும்பு ஒன்றுதான். என் முன்னால் இருந்த எல்லாக் காயிலும் இரண்டு.

வெள்ளைப் பூவை ஈரக்காற்றில் பத்து நாள் கொட்டகைக்குள் போட்டால் பழுத்து மஞ்சளாகும். அதைச் செய்யச் சொன்னது என் துண்டுக் காகிதம். செய்தவரைக் கலப்படக்காரி என்றது என் பட்டியல்.

அப்போதுதான் அடுத்த கேள்வி வந்தது. வெள்ளை மஞ்சளாகும் என்றால், மஞ்சள் வெள்ளையாகுமா? அலமாரியில் அந்தப் பருவத்தில் நான் பாஸ் போட்ட மூன்று நல்வேளை சாம்பிள்கள் இருந்தன. இரண்டு சரியாக இருந்தன. ஏழுமலையின் உறையில் முதல் பூவில் பதினெட்டுத் தாள். இரண்டாவதில் இருபத்தொன்று. பத்துப் பூவில் ஆறு நாய்வேளை. களத்து வெயிலில் மஞ்சள் முழுக்க வெளுத்திருந்தது.

நல்லதைத் திருப்பி அனுப்பியிருந்தேன், கெட்டதை உள்ளே விட்டிருந்தேன். இரண்டும் ஒரே வரியால்.

5. முதலாளி சொன்னது

நடந்ததை நான்கு வரியாக எழுதி எடுத்துக்கொண்டு முதலாளியின் அறைக்குப் போனேன். படித்தார். கோபப்படவில்லை.

“ஏழுமலை சரக்குல எத்தினி மூட்டை அரைச்சாச்சு?”

“ரெண்டு சார். தூள் குடோன்லதான் இருக்கு, வெளிய போகல.”

“தப்பிச்சோம். எல்லாத்தையும் நிறுத்தி வை. அந்தம்மா பேரப் பலகையில அழிச்சிடு. இருந்தா கொண்டாரச் சொல்லு, எடுத்துக்கலாம். ஆனா தப்பு நம்மளுதுன்னு மட்டும் யார்கிட்டயும் சொல்லிக்கினு நிக்காத.”

“ஏன் சார்?”

“ஏம்மா கலா, இன்னிக்கு ஒருத்திகிட்ட ஒத்துக்கினா, நாளைக்கு ரிஜெக்ட் ஆவற ஒவ்வொருத்தனும் வெந்நி வெச்சி எண்ணிக் காட்டுன்னு வாசல்ல உக்காருவான்.”

“எண்ணிக் காட்டிடலாமே சார்.”

கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார். “உன்ன நிரந்தரம் பண்றதுக்கு அடுத்த மாசம் நான் எழுதணும். ஞாபகம் வெச்சிக்கோ” என்றார். மிரட்டலாகச் சொல்லவில்லை. நாள் நினைவூட்டுவதுபோலத்தான் சொன்னார்.

பலகையில் பெயரை அழித்தேன். அழித்த இடம் ஈரமாக இருந்தது, பிறகு காய்ந்தது. எழுதியதை அன்று காலையில் இருபது பேர் பார்த்திருந்தார்கள். அழித்ததைப் பார்த்தவர் யாருமில்லை.

6. எருக்குழி

வியாழக்கிழமை அரைநாள் விடுப்பு எடுத்துக்கொண்டு அடி அண்ணாமலைக்கு பஸ் ஏறினேன். செல்வியின் வீட்டைக் கண்டுபிடிப்பது கடினமாக இல்லை. வீட்டுக்குப் பக்கத்திலேயே எருக்குழி. அதன் மேல் காய்ந்த சமூலம் குவியலாகக் கிடந்தது, இரண்டு நாள் மழையில் ஊறி.

“அதோ பாருங்க, உங்க நாய்வேளை” என்றார் செல்வி. “பஸ் ஸ்டாண்டு பக்கம் ரெண்டு கடையில கேட்டேன். வேங்கிக்கால்ல திருப்பி அனுப்பிட்டாங்களாமே, எங்களுக்கும் வாணாம்னுட்டாங்க. அதுக்குள்ள யாரோ போய்ச் சொல்லிக்கிறாங்க. எடுத்தாந்து கொட்டிட்டேன்.”

“அது நல்வேளைதாங்கக்கா. தப்பா பார்த்தது நான்தான்.”

செல்வி பக்கத்து வீட்டைப் பார்த்துக் கூப்பிட்டார். “ஏ லச்சுமி! இங்க வா. மேடம் இன்னாவோ சொல்றாங்க. இன்னொரு தபா சொல்லுங்க மேடம்.”

சொன்னேன். அந்த எட்டுப் பேரில் ஒருவரான லட்சுமி போய் இன்னும் இரண்டு பேரை அழைத்து வந்தார். மூன்றாம் முறையும் சொன்னேன். ஒருத்தி, “இத சொல்றதுக்கா பஸ்ஸு புடிச்சி வந்தீங்க?” என்று கேட்டாள். கிண்டலா, மெய்யாகவே கேட்டாளா என்று தெரியவில்லை.

“சரக்கு இருந்தா எடுத்துக்கச் சொல்லிட்டாங்க” என்றேன்.

“எங்க இருக்குது?” எருக்குழியை ஒருமுறை பார்த்தார் செல்வி. “சரக்கு போனா போவட்டும், அடுத்த மழைக்கு மொளைக்கும். எங்ககிட்ட வந்து சொல்லி இன்னா பிரயோஜனம் மேடம்? அது நல்வேளைன்னு எங்களுக்குத்தான் தெரியுமே. அன்னிக்கி வாசல்ல நின்னு சிரிச்சாங்களே, அவங்க காதுல உழணும். அங்க சொல்லுங்க.”

அவர்கள் என்னை உட்காரச் சொல்லவில்லை. நானும் எதிர்பார்க்கவில்லை. திரும்பும் பஸ்ஸில் ஒரு காகிதத்தில் இரண்டு பக்கமாகப் பிரித்து எழுதினேன். வாசலில் சொன்னால் என்ன ஆகும், சொல்லாவிட்டால் என்ன ஆகும் என்று. முதல் பக்கத்தில் ஐந்து வரி வந்தது. இரண்டாவது பக்கத்தில் ஒரே வரி: எட்டுப் பேர் சரக்கை எந்த வாசலிலும் இறக்க முடியாது. பட்டியலில் வரிகளை எண்ணி முடிவெடுக்கக் கூடாது என்பது அன்று தெரிந்தது.

7. பலகையில் இரண்டு வரி

அடுத்த செவ்வாய் எட்டு மணிக்கு முன்பே போய், பலகையில் எழுதினேன்.

‘சென்ற வாரம் செல்வி, அடி அண்ணாமலை, கொண்டுவந்த ஏழு மூட்டையும் சுத்தமான நல்வேளை. பரிசோதனைத் தவறு.’

‘புரட்டாசியில் பாஸ் ஆன ஒன்பது மூட்டையில் நாய்வேளை கலந்துள்ளது. அதுவும் பரிசோதனைத் தவறு.’

கீழே என் கையெழுத்து. படிக்கத் தெரியாதவர்கள் இருப்பார்கள் என்பதால், வரிசை சேர்ந்த பிறகு சத்தமாகவும் படித்தேன். செல்வி மூட்டை எதுவும் இல்லாமல் வந்து ஓரமாக நின்றிருந்தார்.

ஏழுமலை முன்னால் வந்தார். “ஒம்பது மூட்டைன்னா என்னுதா டீச்சரம்மா?”

“ஆமாங்க.”

“நீங்கதான பாஸ் போட்டீங்க?”

“அதைத்தான் எழுதியிருக்கேன்.”

அவர் பலகையை மறுபடி பார்த்தார். “எங்க ஆளுங்களுக்கு எல்லாம் வேளைதாங்க. நான் இன்னா பூவப் பூவாவா எண்ணிப் பாக்க முடியும்?”

“லேசா சொல்லிட்ட. அன்னிக்கி என்கிட்ட வாய் கிழியப் பேசினியே” என்றார் செல்வி. இந்த முறை வரிசை ஏழுமலையைப் பார்த்துச் சிரித்தது.

சத்தம் கேட்டு முதலாளி வெளியே வந்தார். பலகையைப் படித்தார். நான் சாக்பீஸைக் கையில் வைத்திருந்தேன். அழிக்கச் சொல்வார் என்று நினைத்தேன். எல்லோர் எதிரிலும் அவர் சொன்னது இது: “எழுதினது எழுதினதா இருக்கட்டும். இனிமே ரிஜெக்ட் பண்றதுக்கு முன்னால கொண்டாந்தவங்களும் லென்ஸ்ல பாக்கட்டும். உனக்கு வேலை ஜாஸ்தி. நீயா இழுத்துக்கினது.”

என் பணி நிரந்தரம் ஆறு மாதம் தள்ளிப்போனது. காரணம் என்று எதுவும் எழுதித் தரவில்லை.

அட்டையில் இருந்த பட்டியலைக் கிழித்துப் புதிதாக எழுதினேன். இப்போது உங்கள் மேசைக்கு எதிரே இருப்பது அதன் நகல்தான். அதில் பூவின் நிறம் கிடையாது. முதல் வரி காய்க்காம்பில் தழும்பு ஒன்றா இரண்டா. இரண்டாவது, ஊறவைத்த பத்துப் பூவில் மகரந்தத்தாள் எண்ணிக்கை. மூன்றாவது, காயின் மேல் நாய்வேளைக்கு இருப்பதுபோல நீளவாக்கில் அழுத்தமான கோடு உண்டா. ‘சந்தேகம் வந்தால்’ என்ற சொற்களை எடுத்துவிட்டேன். அன்று காலை எனக்குச் சந்தேகமே வரவில்லை என்பதுதான் நடந்த தவறு. துண்டுக் காகிதத்திலும் நிழல் என்பதோடு, காற்றோட்டமாக, மெல்லியதாகப் பரப்பி, தினம் புரட்டி என்று சேர்த்தேன்.

செல்வி அந்தப் பருவத்தில் சரக்கோடு திரும்ப வரவில்லை. கொல்லையில் செடி முடிந்துபோயிருந்தது. அடுத்த ஆண்டு மழைக்குப் பிறகு நான்கு மூட்டையோடு வந்தார். நிறம் பரவாயில்லை, பாதி வெள்ளை, பாதி மஞ்சள். நான் பூவை ஊறவைத்துத் தட்டில் பரப்பினேன். பார்த்து எழுதப் போனபோது அவர் தட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

“ரிஜெக்ட் ஆனாத்தாங்கக்கா நீங்க பார்க்கணும். இது சரியாத்தான் இருக்கு” என்றேன்.

“இருக்கட்டும், தள்ளுங்க.”

ஒரு கண்ணை மூடிக்கொண்டு லென்ஸில் குனிந்தார். ஊசி முனையால் ஒவ்வொன்றாகத் தள்ளி, வரிசைக்கே கேட்கும்படி எண்ணினார். பின்னால் யாரோ, “பத்தும் எண்ணி முடிக்கறதுக்குள்ள அடுத்த பௌர்ணமியே வந்துடும்” என்று முனகினார்கள். செல்வி தலையைத் தூக்கவில்லை. பத்தாவது பூவை எண்ணி முடித்துவிட்டுத்தான் நிமிர்ந்தார்.

“ஆறு. எழுதுங்க.”

எழுதினேன்.